ஏமாந்த பணத்தைத் திரும்பக் கேட்பது தர்மமா?

நம் வீடுகளில் யாராவது ஆன்லைனில் பொருள் வாங்கி ஏமாந்துவிட்டால் இரண்டு விதமான குரல் கேட்கும். ஒன்று பாட்டியின் குரல்: "போனது போச்சு, விடு. போன ஜென்மத்துக் கடன்னு நெனைச்சுக்கோ." இன்னொன்று மாமாவின் குரல்: "அதெல்லாம் விடக்கூடாது. கழுத்தைப் பிடிச்சாவது வாங்கிடணும்." இரண்டு பேருமே தர்மம் பேசுவதாகத்தான் நினைக்கிறார்கள். எது சரி?

நான் பொறியியல் மாணவன். தத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் கடந்த தீபாவளி சமயத்தில் எங்கள் பல்கலைக்கழக இந்து சங்கத்துக்கு இப்படி ஒரு நஷ்டம் வந்தது. அப்போது "பணம் எப்படித் திரும்பி வரும்?" என்ற கேள்வியைவிட, "எப்படி வந்தால் அதை நாம் வாங்கலாம்?" என்ற கேள்விதான் எங்களுக்கு அதிக வேலை கொடுத்தது. அதைத்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நடந்தது இதுதான்

தீபாவளி இரவு நிகழ்ச்சிக்கு எல்லாரும் ஒரே துணியில் வரலாம், ஆண்களுக்கு ஜிப்பா, பெண்களுக்குக் குர்த்தி என்று கூட்டத்தில் முடிவானது. கடையில் விசாரித்தால் ஒன்று 80 ரிங்கிட். சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் 45 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொன்னது. 38 பேர், மொத்தம் 1,710 ரிங்கிட். எங்கள் பொருளாளர், இரண்டாம் ஆண்டு மாணவி, எல்லாரிடமும் வசூலித்து, அந்தப் பக்கத்தில் கொடுத்திருந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பினார். கணக்கு ஒரு தமிழ்ப் பெயரில் இருந்தது. "நம்ம ஆளுதான், பயமில்லை" என்று சிலர் சொன்னார்கள். நான்காம் நாள் அந்தப் பக்கத்தையே காணோம்.

அன்று இரவே பொருளாளர் 997-க்கு அழைத்தார், வங்கிக்குத் தகவல் கொடுத்தார், போலீஸ் ரிப்போர்ட்டும் செய்தார். சில நாள் கழித்துத் தெரிந்தது: கணக்கு முடக்கப்பட்டுவிட்டது. அதில் மிச்சம் இருப்பது 620 ரிங்கிட். அதே கணக்கின் மேல் வேறு சிலரும் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

கர்மா என்று சொல்லி விட்டுவிடலாமா?

முதலில் பாட்டியின் பக்கத்தைப் பார்ப்போம். கர்மாவை நான் நம்புகிறேன். ஆனால் கர்மா என்பது நடந்துவிட்டதற்கு ஒரு விளக்கம். அடுத்து நான் என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. சாலையில் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடந்தால், "அவர் செய்த வினை" என்று சொல்லிவிட்டு நாம் போய்விடுவதில்லை. ஏமாற்றியவனும் "உன் கர்மாவைத்தான் நான் நிறைவேற்றினேன்" என்று வாதாடலாம். அதை யாராவது ஒத்துக்கொள்வோமா? அவனுக்குச் செல்லாத வாதம் ஏமாந்தவருக்கு மட்டும் எப்படிச் செல்லும்?

இன்னொன்றையும் கவனித்தேன். ஒருவர் தனக்குத்தானே "இது என் கர்மா" என்று சொல்லிக்கொண்டால் அது பொறுமை. அதையே அழுதுகொண்டிருக்கும் இன்னொருவரிடம் நாம் சொன்னால், பல நேரம் "உன் புலம்பலைக் கேட்க எனக்கு நேரமில்லை" என்றுதான் அர்த்தம்.

மகாபாரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சகுனியின் சூதாட்டமும் ஒரு மோசடிதான். 13 ஆண்டுகள் காட்டிலும் மறைவிலும் இருந்துவிட்டு வந்த பாண்டவர்கள் முதலில் என்ன செய்தார்கள்? கேட்டார்கள். கண்ணனே தூது போனான். ராஜ்யம் இல்லையென்றால் ஐந்து ஊராவது போதும் என்ற அளவுக்கு இறங்கி வந்தார்கள். பின்னால் குருக்ஷேத்திரத்தில் பலனில் பற்று வைக்காதே என்று உபதேசித்த அதே கண்ணன்தான், அதற்கு முன்னால் சபையில் நின்று அவர்களுடையதை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவன். அப்படியென்றால் பற்றின்மைக்கு "கேட்காமல் இரு" என்று பொருள் கிடையாது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, கிடைக்காவிட்டால் அதே நினைப்பில் கிடந்து நம்மை அழித்துக்கொள்ளாமல் இருப்பதுதான் பற்றின்மை. அந்தத் தூதில் இன்னொரு விஷயமும் உண்டு. எல்லாருக்கும் முன்னால், சபையில் வைத்துக் கேட்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கேட்பது நமக்காக மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. போலீஸின் செமாக் மியூல் தளத்தில் ஒரு கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ தட்டினால், அதன் மேல் புகார் இருக்கிறதா என்று பார்க்கலாம். யாராவது புகார் கொடுத்தால்தான் அதில் தகவல் ஏறும். முதலில் ஏமாந்தவர் "45 வெள்ளிதானே, வெளியே சொன்னா அசிங்கம்" என்று சும்மா இருந்துவிட்டால், பத்தாவது ஆள் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கும்போது ஒன்றும் வராது. அவரும் நம்பிப் பணம் அனுப்புவார். 45 ரிங்கிட்டை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை உண்டு. பத்தாவது ஆளுக்குப் போய்ச் சேர வேண்டிய எச்சரிக்கையை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

"என் பணம்" எங்கே இருக்கிறது?

இப்போது மாமாவின் பக்கம். "என் பணம், எனக்கு வேணும்." நியாயம்தான். ஆனால் "என் பணம்" என்று ஒன்று இன்னும் எங்காவது இருக்கிறதா?

பெரியபுராணத்தில் திருநீலகண்டக் குயவர் கதை நமக்குத் தெரியும். சிவயோகியாக வந்த இறைவன் ஒரு திருவோட்டைக் கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறார். அது மறைந்துபோகிறது. குயவர் புது ஓடு தருகிறேன் என்கிறார். யோகி ஒப்புக்கொள்ளவில்லை, தான் கொடுத்த அதே ஓடுதான் வேண்டும் என்று தில்லை அந்தணர்கள் சபை வரை வழக்கைக் கொண்டுபோகிறார். ஓடு என்றால் அதைச் சுட்டிக்காட்டி "இதுதான்" என்று சொல்லலாம். வங்கிப் பணம் அப்படி இல்லை. இங்கே ஒரு எண் குறைகிறது, அங்கே ஒரு எண் கூடுகிறது. சில விநாடிதான். பிறகு அங்கிருந்து வேறு கணக்குகளுக்கும் மின்பணப்பைகளுக்கும் சிதறிப் போய்விடும். எங்கள் 1,710 ரிங்கிட் எங்கேயும் ஒரு பையில் கட்டி வைக்கப்பட்டிருக்கவில்லை.

நேரம் முக்கியம் என்று எல்லாரும் சொல்வது இதனால்தான். தேசிய மோசடி நடவடிக்கை மையம் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 997-க்கு அழைத்தால் வங்கி, போலீஸ், தொலைத்தொடர்புத் தரப்பு எல்லாம் ஒன்றாக வேலை செய்து, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் முடக்கப் பார்ப்பார்கள். பெரிய விற்பனைத் தளத்துக்குள்ளேயே பணம் கட்டியிருந்தால், பொருள் கைக்கு வரும்வரை தளம் அதைப் பிடித்து வைத்திருக்கும். கிரெடிட் கார்டு என்றால் வங்கியிடம் ஆட்சேபம் எழுப்ப வழி உண்டு. நேராக ஒருவர் கணக்குக்கு அனுப்பினால் அப்படி எந்தக் கதவும் நடுவில் இல்லை. உண்மையான கடை, மோசமான பொருளை அனுப்பியிருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் போடலாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் ஆளே இல்லாத கடையை எந்த மன்றத்துக்குக் கூப்பிடுவது?

சரி, மிச்சம் இருந்த அந்த 620 ரிங்கிட் யாருடையது? எங்கள் கூட்டத்தில் ஒருவர் உடனே சொன்னார், "நாமதான் ரிப்போர்ட் பண்ணோம், நமக்குத்தான்." சட்டம் படிக்கும் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டு 1816-ல் இங்கிலாந்தில் நடந்த கிளேட்டன் வழக்கைப் பற்றிச் சொன்னார். ஒரே கணக்கில் பலருடைய பணம் கலந்திருந்தால், முதலில் உள்ளே வந்தது முதலில் வெளியே போனதாக எடுத்துக்கொள்வது என்ற விதி அதிலிருந்து வந்ததாம். கணினிப் பாடத்தில் நாங்கள் 'கியூ' என்று படிப்பதும் இதுவேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் ஆள் 1,000 ரிங்கிட், இரண்டாம் ஆள் 500, மூன்றாம் ஆள் 500 ஏமாந்தார்கள். மோசடிக்காரன் 1,500-ஐ எடுத்துவிட்டான், மிச்சம் 500. 'கியூ' முறைப்படி முதல் இருவர் பணமும் போய்விட்டது. 500-ம் மூன்றாம் ஆளுக்கே. விகித முறைப்படி முதல் ஆளுக்கு 250, மற்ற இருவருக்கும் 125, 125. பின்னாளில் பல வழக்குகளில் நீதிபதிகள் விகித முறையையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. மூன்று பேரும் ஒரே பொய்யை நம்பினார்கள். ஒருவர் செவ்வாய்க்கிழமை அனுப்பினார், இன்னொருவர் வியாழக்கிழமை அனுப்பினார் என்பதில் என்ன புண்ணியம் பாவம் இருக்கிறது? "நாங்கள்தான் முதலில் ரிப்போர்ட் செய்தோம், அதனால்தான் கணக்கு முடங்கியது" என்ற வாதத்தில் கொஞ்சம் வலு இருக்கிறது. அதற்கு மற்றவர்கள் நன்றி சொல்லலாம். ஆனால் 997 என்ற எண்ணையே கேள்விப்படாத ஒரு பாட்டியின் பங்கை அதற்குக் கூலியாக எடுத்துக்கொள்ள முடியாது. முழுவதும் எடுத்துக்கொண்டால், திரும்பி வந்தது என் பணம் மட்டும் இல்லை. அதில் பாட்டியின் பணமும் கலந்திருக்கும்.

பொருளாளர் கட்ட வேண்டுமா?

இதற்கிடையில் எங்கள் பொருளாளர் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து நின்றார். பி.டி.பி.டி.என். கடன் பணத்திலிருந்து மாதம் 100 ரிங்கிட் வீதம் எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். "நான்தானே டிரான்ஸ்ஃபர் பண்ணேன்" என்பது அவர் வாதம். ஒரு சிலர் தலையாட்டவும் செய்தார்கள்.

பணத்தைக் கையில் வைத்திருந்தவர் அலட்சியமாக இருந்தாலோ, அதில் தானே கை வைத்தாலோ அவர்தான் கட்ட வேண்டும். இங்கே அப்படி நடக்கவில்லை. 80 ரிங்கிட் கடையை விட்டு 45 ரிங்கிட் பக்கத்துக்குப் போகலாம் என்று கை தூக்கியது 38 பேரும்தான். ஜிப்பா வந்து சேர்ந்திருந்தால் ஆளுக்கு 35 ரிங்கிட் லாபத்தை எல்லாரும் சந்தோஷமாகப் பங்கு போட்டிருப்போம். லாபத்தில் பங்கு கேட்கிறவர்கள் நஷ்டம் வரும்போது மட்டும் ஒரு பெண்ணைக் கைகாட்டுவது என்ன நியாயம்? நமக்கு ஏமாற்றியவன் கைக்கு எட்டவில்லை, பொருளாளர் எட்டினார். கைக்கு எட்டியவரிடம் வசூலிப்பதற்கும் நியாயத்துக்கும் சம்பந்தம் இல்லை. கடைசியில் அவரவர் 45 ரிங்கிட்டை அவரவர் ஏற்றுக்கொண்டோம். தீபாவளி இரவுக்கு வீட்டில் இருந்த துணியை உடுத்திக்கொண்டு போனோம்.

ஒரு தாயின் அழைப்பு

இரண்டு வாரம் கழித்துப் பொருளாளருக்கு ஒரு போன். கணக்குச் சொந்தக்காரனின் அம்மா. அதே ஊரைச் சேர்ந்த எங்கள் உறுப்பினர் ஒருவர் மூலம் எண் கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்கிறவர்.

"அம்மாடி, பையனுக்குப் பத்தொன்பது வயசுதாம்மா. பழக்கமான ஒருத்தன் கார்டையும் பின் நம்பரையும் குடு, முந்நூறு வெள்ளி தரேன்னானாம். குடுத்துட்டான். உங்க ஆயிரத்து எழுநூத்திப் பத்தையும் நான் சங்கிலிய அடகு வெச்சாவது குடுத்துடறேன். ரிப்போட்ட மட்டும் தாரிக் பாலிக் பண்ணிடும்மா."

அன்று இரவு கூட்டம் போட்டோம். மூன்று கருத்து வந்தது. ஒருவர்: "வாங்கிடுவோம். அவங்க பையன்தானே செஞ்சான்." இன்னொருவர்: "பாவம் அந்த அம்மா. காசும் வேணாம், ரிப்போர்ட்டையும் மீட்டுக்குவோம்." மூன்றாமவர்: "காசு வாங்கலாம், ஆனா ரிப்போர்ட் ரிப்போர்ட்டாவே இருக்கட்டும்."

ரிப்போர்ட்டை மீட்டுக்கொண்டால் மட்டும் வழக்கு நின்றுவிடும் என்று இல்லை. குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது அரசு வழக்கறிஞர் தரப்பு. அதை விடுங்கள். நிற்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அந்த 1,710 ரிங்கிட் எதற்கான விலை? ஜிப்பாவுக்கான விலை இல்லை. எங்கள் மௌனத்துக்கான விலை. அந்த மௌனம் எங்களுக்கு மட்டும் சொந்தமானதா? அதே கணக்கில் ஏமாந்த மற்றவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு முழுப் பணமும் கிடைத்து நாங்கள் ஒதுங்கிக்கொண்டால், அவர்கள் பக்கம் ஒரு சாட்சி குறையும். அவர்களுக்கும் சேர்த்துச் சொந்தமான ஒன்றை நாங்கள் விற்று எங்கள் பாக்கெட்டை நிரப்பிக்கொள்கிறோம் என்றுதான் அர்த்தம். கண்ணன் சபையில் கேட்டான் என்று சொன்னேனே, அது இங்கேதான் தேவைப்படுகிறது. விசாரணை அதிகாரிக்குத் தெரிந்து, எல்லார் முன்னாலும் பையன் திருப்பிக் கொடுத்தால் அது கடனை அடைப்பது. யாருக்கும் தெரியாமல், ஒரு நிபந்தனையோடு வந்தால் அது வியாபாரம்.

அப்புறம், அது யாருடைய பணம்? தவறு செய்தது 19 வயது ஆள். அவனுக்குக் கிடைத்தது 300 ரிங்கிட். பெரிய தொகையை எடுத்துக்கொண்டவன் யாரோ. இதில் எதிலும் சம்பந்தமில்லாத ஒரு அம்மாவின் கழுத்துச் சங்கிலி எங்கள் ஜிப்பா கணக்கைச் சரிசெய்ய வேண்டுமா? அவர் நஷ்டத்தில் எங்கள் நஷ்டம் தீர்ந்தால், மோசடி நடந்தது நடந்ததுதான். சுமக்கிற ஆள் மட்டும் மாறியிருக்கிறார்.

பொருளாளர் மறுநாள் அந்த அம்மாவை அழைத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். "அம்மா, உங்க சங்கிலிய அடகு வைக்காதீங்க. தம்பிய ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லுங்க. யார்கிட்ட கார்டு குடுத்தான்னு மறைக்காம சொல்லச் சொல்லுங்க. தேசிய சட்ட உதவி அறநிறுவனத்துல வக்கீல் உதவி கேக்கலாம்மா. பையனா வந்து உண்மையச் சொன்னான்னு தெரிஞ்சா, அதை நானும் எடுத்துச் சொல்வேன்." அந்த அம்மா அழுதபடியே போனை வைத்துவிட்டார்.

சங்கத்தில் சிலர் பொருளாளருக்கு மனசே இல்லை என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் எனக்கும் உறுத்தல் இல்லாமல் இல்லை. 2024-ல் நம் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, சொந்த வங்கிக் கணக்கை இப்படி மற்றவர் கையில் கொடுப்பதே தனிக் குற்றமாகிவிட்டது. சட்டம் சரிதான். இருந்தாலும் கூண்டில் ஏறப்போவது கேண்டீனில் வேலை செய்யும் அம்மாவின் மகன். பணத்தை அள்ளியவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. "நியாயம் கிடைத்துவிட்டது" என்று நாம் மார்தட்ட இதில் ஒன்றும் இல்லை. கருணை காட்ட வேண்டிய இடம் உண்டு: அவனைப் பற்றி எப்படிப் பேசுகிறோம், அவன் படத்தைப் பகிர்ந்து அவமானப்படுத்துகிறோமா, தண்டனை முடிந்து வந்த பிறகு நம் கோயிலில் அவனை எப்படி நடத்துகிறோம் என்பதில் எல்லாம் அதைக் காட்டலாம். உண்மையை மறைப்பதில் மட்டும் காட்ட முடியாது.

இன்றுவரை எங்களுக்கு ஒரு காசும் திரும்பி வரவில்லை. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது சூதாட்டம்

ஏமாந்தவர்களைத் தேடி இன்னொரு கூட்டமும் வரும். "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்பார்கள். எங்கள் பொருளாளருக்கும் அப்படி இரண்டு செய்தி வந்தது. மகாபாரதத்தில் முதல் சூதாட்டத்துக்குப் பிறகு, பாண்டவர்களுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்தது. ஆனால் மறுபடியும் கூப்பிட்டார்கள். தருமர் அதே ஆட்டக்காரர்களோடு, அதே காய்களோடு உட்கார்ந்தார். காட்டுக்குப் போனது அந்த இரண்டாவது ஆட்டத்தால்தான். பணத்தை மீட்டுத் தர முன்பணம் கேட்கிறவன் அதே பலகையை மறுபடி விரிக்கிறான். 997-க்கும் போலீஸுக்கும் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

ஆக, பாட்டிக்கும் மாமாவுக்கும் என் பதில்: கேட்கத்தான் வேண்டும், சீக்கிரமாகவும் வெளிப்படையாகவும். ஆனால் நம்முடைய பங்கை மட்டும் கேட்க வேண்டும். இன்னொரு ஏமாந்தவரின் பங்கிலிருந்தோ, கைக்கு எட்டிய ஒரு அப்பாவியின் கழுத்திலிருந்தோ வரும் பணத்துக்கு "திரும்பி வந்தது" என்று பெயர் வைக்க முடியாது. அப்படிக் கேட்டும் வரவில்லையா, அப்போது பாட்டி சொல்வதைக் கேட்கலாம். அந்த இடத்தில் அது பொறுமைதான்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நம்மில் யாரும் பொய்க் கடை நடத்தப்போவதில்லை. ஆனால் "உன் ஏ.டி.எம். கார்டு சும்மாதானே இருக்கு, ஒரு மாசத்துக்குக் குடு, முந்நூறு வெள்ளி தரேன்" என்று கேட்கும் ஒருவன் நம்மில் பலரிடமும் வருவான். அநேகமாக அவன் நமக்குத் தெரிந்தவனாகவே இருப்பான். மலாயில் அகாவுன் கெல்டாய், தமிழில் கழுதைக் கணக்கு என்பது அந்த 300 வெள்ளியில்தான் ஆரம்பிக்கிறது. யாரோ 38 பேர் கைமாற்றிக் கொடுத்த நம்பிக்கை உங்கள் பெயர் போட்ட கணக்கு வழியாகத்தான் வெளியே போகும். "நம்ம ஆளுதான்" என்று நினைத்துத்தான் அவர்கள் அனுப்புவார்கள். கார்டைக் கொடுக்காதீர்கள்.